ஊடலுக்கு நாலாவது பொருள்

பிப்ரவரி 18, திங்கள்

இன்று ஆபீசில் ஜோடி மாற்றிவிட்டார்கள்.

திருவேங்கடம் சார் காலையிலேயே எல்லோரையும் கூப்பிட்டு, "வேலை வேகமா நடக்கணும். பழையவங்களோட புதுசா வந்தவங்களைச் சேர்த்துப் போடுறேன்" என்றார். அவர்தான் எங்கள் அகராதிக்குத் தலைமைப் பதிப்பாசிரியர். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. இனிமேல் ரெஜினாவுக்குக் கார்குழலி. எனக்கு வைத்தியலிங்கம் சார். அவருக்கு எழுபது வயது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அவரை எழுப்பவே ஓர் ஆள் போட வேண்டும்.

எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பிற்பாடு யாராவது கேட்டால் தேதி சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பதினாலு வருஷம் நானும் ரெஜினாவும் ஜோடி. ஒரு சொல்லுக்கு நான் பொருள் எழுதுவேன், அவள் சரிபார்ப்பாள். மக்கள் வாயில் கேட்ட சொல், புத்தகத்தில் படித்த சொல் எல்லாவற்றையும் சின்னச் சின்னச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். அந்தச் சீட்டு ஆதாரம் இல்லாமல் ஒரு பொருளும் அகராதிக்குள் போகாது. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே 'ம/ரெ' என்று இருக்கும். மங்கையர்க்கரசி, ரெஜினா. அ-வில் ஆரம்பித்து ஊ-வில் நிற்கிறோம். "பதினாலு வருஷத்துல ஆறு எழுத்தா? ஒன்றாம் கிளாஸ் பிள்ளை ஒரு மாசத்துல முடிச்சிடும்" என்று வீட்டில் இவர் கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். வங்கியில் முப்பது வருஷம் சீல் குத்தினவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது.

கார்குழலி வந்து ஆறு மாசம் ஆகிறது. முப்பது வயது இருக்கும். அப்பா தமிழ் வாத்தியாராம், ஆசையாகப் பேர் வைத்திருக்கிறார். கார்மேகம் மாதிரிக் கூந்தல் இருக்க வேண்டிய பேர். இவளானால் காது வரைக்கும் கத்தரித்து விட்டிருக்கிறாள். நாங்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிந்து வந்த பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குத்தான் அவளை எடுத்தார்கள். இப்போது அகராதியே அவள்தான் எழுதுகிறாளாம்.

பிப்ரவரி 19, செவ்வாய்

காஸ் புக் பண்ணினேன். இட்லிக்குப் போட்டேன். மத்தியானம் ரெஜினா டப்பாவைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல என் மேஜைக்கு வந்தாள். பின்னாலேயே அவளும் வந்தாள்.

பிப்ரவரி 22, வெள்ளி

ஊ-வில் யாருக்கு எந்தச் சொல் என்று பட்டியல் வந்துவிட்டது. எனக்கும் வைத்தி சாருக்கும் ஊசி, ஊஞ்சல், ஊதுவத்தி, ஊறுகாய், ஊன்றுகோல். ஊடல் அவர்களுக்கு.

நான் சாரிடம் போய்க் கேட்டேன், மானத்தை விட்டு. "ஊடலை எங்களுக்கு மாத்திக் கொடுங்க சார், அதுக்குப் பதிலா ஊர்வலம், ஊழியம் ரெண்டையும் நாங்க செய்றோம்." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, எல்லாம் சொல்தானே" என்றார்.

எல்லாம் சொல்தானாம். ஊ-வில் உட்கார்ந்து அனுபவித்து எழுதுகிற மாதிரி இருப்பது அந்த ஒன்றுதான். பழைய அகப்பாட்டுகளில் பாதி அதன் மேல்தான் நிற்கிறது. தலைவன் வேறெங்கோ போய்விட்டு வருவான், தலைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், தூது போகும், கதவு திறக்காது. அந்தக் கோபத்துக்குள் எத்தனை படி! லேசாக இருந்தால் புலவி. வளர்ந்தால் ஊடல். முற்றிப்போய், சமாதானம் பேசவே வழி இல்லாமல் போனால் துனி. துனி என்கிற சொல்லுக்கு நாங்கள் வந்து சேர்வதற்குள் எனக்கு நூறு வயது ஆகிவிடும். ஊடலாவது கைக்கு எட்டும் என்று இருந்தேன்.

உ முடிகிற சமயத்தில் ரெஜினாதான் சொன்னாள். "ஏய் மங்கை, ஊடல் வரும்போது நாம ரெண்டு பேரும் ஒரு வாரம் வேற வேலையே பார்க்கக் கூடாது. அதை மட்டும் உட்கார்ந்து எழுதணும்டி." அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நான் ஏன் கேட்க வேண்டும்? அவளுக்குத் தானாகவே ஞாபகம் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 27, புதன்

இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. இருட்டில் உட்கார்ந்து அந்த இரண்டும் சிரித்துக்கொண்டே இருந்தன. என்ன சிரிப்பு என்று எட்டிப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லை மேடம், ரெஜினாக்கா ஒரு கதை சொன்னாங்க" என்றாள் கார்குழலி. ரெஜினாக்காவாம். நான் மேடம், அவள் அக்கா.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பல் பிடுங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், "நான் வேற ஒருத்தியோட சினிமாவுக்குப் போனாக்கூட நீ இவ்வளவு வயிறெரிய மாட்டேடி" என்றார். பல் வலிக்கிறவருக்கு வாய் மட்டும் வலிக்கவில்லை. எனக்கு என்ன வயிற்றெரிச்சல்? வேலை கெட்டுப்போகிறதே என்கிற கவலை. நாளைக்கு அவருக்குக் கஞ்சிதான் என்று முடிவு பண்ணினேன்.

மார்ச் 4, திங்கள்

ஊடல் முதல் வரைவு சுற்றுக்கு வந்தது. படித்து அபிப்பிராயம் எழுத வேண்டும். இங்கேயே பிரதி எடுத்து வைக்கிறேன்.

ஊடல், பெ. 1. தலைவன் தலைவியரிடையே, பெரும்பாலும் தலைவனின் புறத்தொழுக்கம் காரணமாகத் தோன்றும் பிணக்கு. 2. மருதத் திணைக்குரிய பொருள். 3. (இதழ் வழக்கு) கூட்டணிக் கட்சிகளிடையே ஏற்படும் மனத்தாங்கல். கா/ரெ.

நன்றாகத்தான் இருக்கிறது. குற்றம் சொல்ல இடமில்லை, அதுவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது பொருளைப் பார்த்தேன். வாஸ்தவம், பேப்பரில் அப்படித்தான் போடுகிறான், 'தொகுதிப் பங்கீட்டில் ஊடல்' என்று. ஆக, புருஷன் பெண்டாட்டிக்கு ஊடல் உண்டு. கட்சிக்காரனுக்கும் கட்சிக்காரனுக்கும் ஊடல் உண்டு. வேறு எவருக்கும் கிடையாது. கூடவே பதினாலு வருஷம் சோறு தின்றவர்களுக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். ஒன்றையும் காணோம்.

அபிப்பிராயம் என்கிற இடத்தில் 'சரி' என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 6, புதன்

மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை, பிளம்பருக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்துவிட்டது.

கைகழுவும் இடத்தில் ரெஜினா பிடித்துக்கொண்டாள். "ஏன்டி ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்லையே."

"நிஜமா?"

"ஒண்ணுமில்லைங்கறேன்ல."

"சரி" என்று போய்விட்டாள். இத்தனை பாட்டுகளுக்குப் பொருள் சரிபார்த்தவள், ஒண்ணுமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? மூன்று தடவையாவது கேட்க வேண்டாமா? அவள் ஒன்றரை தடவைதான் கேட்டாள்.

நாளையிலிருந்து சாப்பாட்டுக்கு வைத்தி சாரோடு உட்காரலாம் என்று இருக்கிறேன். அவர் சீக்கிரம் சாப்பிடுகிறவர். எனக்கு அதுதான் உடம்புக்கு நல்லது.

மார்ச் 11, திங்கள்

இன்று ஒரு காரியம் செய்தேன். தப்பா சரியா என்று தெரியவில்லை. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு பரீட்சை, அவ்வளவுதான். அந்தப் பெண் எவ்வளவு கவனமாக வேலை பார்க்கிறாள் என்று பார்க்க ஒரு பரீட்சை.

வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து எழுதினேன்.

ஊடல்: தோழியரிடையே வரும் பிணக்கு. நடவுப் பாட்டு. முத்தரசநல்லூர், 1999. கேசட் 41, ஆ பக்கம்.

சோடி போட்டு நட்ட வயல் சொணங்கிக் கெடக்குதடி
கூட நட்ட கூட்டாளி ஊடல் கொண்டு போயிட்டா.

கீழே 'ம' என்று என் எழுத்தைப் போட்டு, பெட்டியில் ஊடல் சீட்டுகளுக்கு நடுவில் சொருகிவிட்டேன்.

அப்படி ஒரு பாட்டு கிடையாது. நானாகக் கட்டினது. பதினாலு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் சீட்டு எழுதியிருக்கிறேன், ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒரு வரி பாட்டுக் கட்டினதும் இல்லை. ஊஞ்சலுக்குப் பொருள் எழுதிக்கொண்டே இருந்தேன், அது பாட்டுக்கு வந்துவிட்டது, இரண்டே நிமிஷம். கேசட் 41-ஐ யோசித்துத்தான் போட்டேன். அன்றைக்குப் பேய்மழை. அதன் ஆ பக்கம் முழுக்க இரைச்சல்தான், ஒன்றும் கேட்காது. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அவள் கேசட்டைத் தேடாமல் அப்படியே எழுதிக்கொண்டு போனால், கூட்டத்தில் நான் கேட்பேன், "ஆதாரத்தைக் கேட்டுப் பார்த்தியாம்மா?" என்று. அதற்குத்தான்.

மார்ச் 13, புதன்

சீட்டு அவர்கள் கைக்குப் போய்விட்டது. என் இடத்திலிருந்து தெரிந்தது. கார்குழலி, "அக்கா, இதைப் பாருங்களேன்! நாலாவது பொருள்!" என்று துள்ளிக்கொண்டு நீட்டினாள். ரெஜினா வாங்கிப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். இரண்டு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் சடக்கென்று குனிந்து ஊறுகாய்ச் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் அவர்கள் போனபிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். சீட்டின் மூலையில் அவள் கையெழுத்து: 'சரி. ரெ.'

கேசட்டைக் கேட்டுப் பார்க்கவே இல்லை! என் சீட்டு என்றால் இவளுக்கு ஒரு அலட்சியம்.

அந்தப் பெண்ணைப் பரீட்சை பண்ணப் போய் இவள் கையெழுத்து வந்து விழுந்துவிட்டது. நாளைக்கே சீட்டை உருவிவிடலாம். உருவினால் எங்கே என்று கேட்பார்கள். பார்க்கலாம்.

மார்ச் 15, வெள்ளி

பார்க்கலாம் என்று நேற்றும் இருந்தேன். இன்று வரைவு டைப் ஆகி சாரின் மேஜைக்குப் போய்விட்டது. மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன், இட்லி மண் மாதிரி இருந்தது.

மார்ச் 26, செவ்வாய்

பங்குனி உத்திரம். ஸ்ரீரங்கத்தில் இன்றுதான் மட்டையடி. பெருமாள் உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார், இங்கே தாயார் கதவைச் சாத்திவிடுவாள், உள்ளே விடமாட்டாள். வாழை மட்டையால் அடி விழும். கைமோதிரம் எங்கே என்று கேள்வி வரும். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் பண்ணி வைக்க வேண்டும். ஊடலைக் கண்ணால் பார்க்க அதைவிட வேறு இடம் கிடையாது.

ரெஜினாவும் கார்குழலியும் ஊடலுக்குக் குறிப்பு எடுக்கிறோம் என்று போயிருக்கிறார்கள். இது ரெஜினாவுக்குப் புனித வாரம் வேறு. பாலக்கரைக் கோயிலில் முழங்கால் போட வேண்டியவள், ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் இடிபடப் போயிருக்கிறாள், யாருக்காக? நான் உறையூர்க்காரி. பிறந்து வளர்ந்து வாக்கப்பட்டதெல்லாம் உறையூர். ஆறு தாண்டினால் அந்தப் பக்கம். "வர்றியாடி?" என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை.

இவரிடம் பொருமினேன். "நீ உறையூர்க்காரிதானே, பெருமாள் வந்துட்டுப் போன வீட்டுப் பக்கம். கதவு சாத்துற பக்கம் உனக்கு எப்படிப் பேச வரும்?" என்றார். அசட்டுப் பேச்சு. எங்கள் நாச்சியார் என்ன தப்புப் பண்ணினாள்? வருஷத்தில் ஒருநாள் வருகிறவரை வா என்றாள். அதற்குப் போய் அங்கே அத்தனை ஆர்ப்பாட்டம்.

மார்ச் 28, வியாழன்

திருவேங்கடம் சாருக்குத் தலைகால் புரியவில்லை. ஊடலை நடுக்கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தார். "வயல்காட்டுப் பொம்பளைங்க வாயில ஊடல்! புலவர் வீட்டுச் சொல்லுன்னு இத்தனை நாளா நினைச்சிருந்தோமே! அதுவும் ரெண்டு தோழிகளுக்கு நடுவுல! எந்த அகராதியிலயும் இல்லை!" நாங்கள் அடுத்த மாசம் வெளியிடப் போகிற மாதிரிப் பகுதியில் முதல் பக்கத்திலேயே போடப் போகிறாராம். புதன்கிழமை ஆலோசகர்கள் கூட்டம். நாலு பேராசிரியர்கள் வருகிறார்கள்.

"மங்கையர்க்கரசி, இதை இத்தனை நாளா எங்கேம்மா ஒளிச்சு வச்சிருந்தே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். ரெஜினாவும் தட்டினாள், மெதுவாக. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அந்த இரண்டு வரியை அவர் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதைப் பொய் இல்லாமல் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 1, திங்கள்

ரெஜினா ஈஸ்டர் கேக் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என் மேஜைக்கு வந்து நின்றாள். "என்கிட்ட ஏதாவது சொல்லணுமாடி?" என்று கேட்டாள்.

கேக் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஏப்ரல் 3, புதன்

எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கூட்டத்தில் சார் ஊடலை எடுத்தார். பேராசிரியர்களில் ஒரு வழுக்கைத் தலைக்காரர், "நடவுப் பாட்டு மெட்டோட கேட்கலாமா?" என்றார். கார்குழலி எழுந்து, "கேசட் நாற்பத்தொண்ணு போன வாரம்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன் சார். இரைச்சலையெல்லாம் எடுத்துட்டேன். நான் இன்னும் முழுசாக் கேட்கலை, இப்பவே போடறேன்" என்றாள். பாவி, இரைச்சலை எடுக்கவும் வழி இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

போட்டாள். முதலில் மழை. தகரக் கூரையில் மழை. அப்புறம் என் குரல். பதினாலு வருஷத்துக்கு முந்தைய குரல், யாரோ சின்னப் பெண் மாதிரி இருந்தது.

"ஒரு கிழவியும் வர மாட்டா இந்த மழையில. கடலையைத் தின்னு."

"உன் பங்கையும் நானே தின்னுட்டேன்டி."

"அடிப்பாவி!"

சிரிப்பு. இரண்டு பேரும் மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறோம். ரெஜினா விக்குகிறாள், நான் முதுகில் தட்டுகிறேன், அந்தச் சத்தம்கூடக் கேட்கிறது. "ஏய், ரெக்கார்டர் ஓடுதுடி, நிறுத்து!" "ஓடட்டும், யார் கேட்கப் போறா?" மறுபடியும் சிரிப்பு. மழை. அந்தப் பக்கம் அவ்வளவுதான், முப்பது நிமிஷமும்.

பாட்டு இல்லை.

வைத்தி சார்கூட முழித்துக்கொண்டார். சார் முகம் கறுத்துவிட்டது. "சரிபார்த்தது யார்?" என்று கேட்டார்.

ரெஜினா எழுந்தாள். உடனே எழவில்லை. முதலில் என்னைப் பார்த்தாள். நாலு பேருக்கு நடுவில், நேருக்கு நேர், அவ்வளவு நேரம் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். பிறகு அவள் சொன்னாள், "நான்தான் சார். கேசட்டைக் கேட்காம கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

சார் எல்லோருக்கும் முன்னால் அவளைத் திட்டினார். "பதினாலு வருஷ அனுபவம், ஒரு கையெழுத்துக்கு மரியாதை இல்லையா?" என்றார். இனி அவள் எதையும் சரிபார்க்க வேண்டாம், கீழே போய் நூற்பட்டியல் வேலை பார்க்கட்டும் என்றார். சீட்டை எழுதியவளை அவர் கேட்கவில்லை. வேறு கேசட்டில் இருக்கும், எண்ணைத் தப்பாக எழுதியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். "தேடிப் பாரும்மா" என்றார் என்னிடம்.

நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேராசிரியர்கள் இருந்தார்கள். சார் கோபமாக இருந்தார். காரணம் எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம்.

ஏப்ரல் 4, வியாழன்

லீவு. தலைவலி என்று சொல்லி.

ஏப்ரல் 5, வெள்ளி

பாலக்கரைக்குப் போனேன். ரெஜினாவும் லீவு. மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நானாகவே சுவர் ஓரம் நிழலில் உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது ஒன்றும் வரவில்லை. "அந்தப் பாட்டு நான் கட்டினது" என்றேன்.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"சீட்டைப் பார்த்த அன்னிக்கே. மங்கை, முத்தரசநல்லூருக்கு உன்கூட வந்தது யாருடி? அன்னிக்கு அந்தக் கொட்டகைக்கு ஒரு ஈ காக்கா வரலை. கடலை தின்னுட்டுத் திரும்பி வந்தோம்." வத்தலைக் கையால் பரப்பிக்கொண்டே பேசினாள். "எனக்குச் சிரிப்பா வந்துச்சு. கோபமா இருக்கேன்னு வாயால சொல்ல வராம, ஒரு பாட்டையே கட்டிப் பெட்டியில போட்டிருக்காளே, கிறுக்கின்னு. பத்திரமா வச்சுக்கணும் போல இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சரின்னு கையெழுத்துப் போட்டே?"

"உனக்குத்தான்டி போட்டேன். படிச்சுட்டேன், புரிஞ்சுதுன்னு. மறுநாள் நீ வருவே, ரெண்டு திட்டுத் திட்டுவே, சிரிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடலாம்னு இருந்தேன். நீ வரலை. நானும் வீம்புக்கு இருந்துட்டேன். அது என் தப்பு. சார் படிச்சபோதாவது நீ சொல்லுவேன்னு பார்த்தேன். கேக் கொடுத்தப்போ வாய் விட்டுக் கேட்டேன்."

நான் அழுதேன். கார்குழலியைப் பற்றிச் சொன்னேன். அக்கா என்று அவள் கூப்பிட்டது, கரண்ட் போனபோது சிரித்தது, ஸ்ரீரங்கம் போனது, எல்லாவற்றையும். ஐம்பத்திரண்டு வயசில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. எனக்குப் பொறாமை. ஆமாம், பொறாமைதான், வேலைமேல் அக்கறையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ரெஜினா எனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரெஜினா கேட்டுக்கொண்டாள். "அதெல்லாம் நான் தாங்கிக்குவேன்டி. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு, என்மேல இவ்வளவு உரிமை எடுக்க ஒருத்தி இருக்கான்னு. ஆனா புதன்கிழமை..." என்று நிறுத்தினாள். "நான் எழுந்துக்கறதுக்கு முன்னாடி உன்னையே பார்த்துட்டு நின்னேனே. நம்ம ரெண்டு பேர் சிரிப்பும் அப்பதான் ஓடி முடிஞ்சிருந்துச்சு. இப்ப எழுந்துக்குவா, இப்ப எழுந்துக்குவான்னு நின்னேன் மங்கை."

வத்தலைப் புரட்டிப் போட்டாள். வெயில் ஏறிவிட்டது, கிளம்பு என்றாள்.

ஏப்ரல் 8, திங்கள்

சாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பாட்டு பொய், சீட்டு பொய், ரெஜினா பேரில் தப்பில்லை, தண்டனை எனக்குத்தான் என்று. சார் இரண்டு தடவை படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது, அது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. "ஒண்ணு பொய்னா மத்ததை எப்படிம்மா நம்புறது?" என்றார்.

சத்தியம் பண்ணினேன், மற்ற எதுவும் பொய் இல்லை என்று. சத்தியத்தைச் சீட்டில் ஒட்ட முடியுமா?

ரெஜினா மேலே வந்துவிட்டாள், பழைய இடத்துக்கே. நாலாவது பொருளை எடுத்துவிட்டார்கள். நான் இதுவரை எழுதிப் போட்ட அத்தனை சீட்டையும், பதினோராயிரத்துக்கு மேல் இருக்கும், ஒன்றுவிடாமல் மறுபடி சரிபார்க்க வேண்டுமாம். அந்த வேலை ரெஜினாவுக்கும் கார்குழலிக்கும்.

இவரிடம் சொன்னேன். கிண்டல் பண்ணாமல் காப்பி போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 10, புதன்

கார்குழலி என்னிடம் வந்து, "அந்தப் பாட்டு நிஜமாவே நல்லா இருந்துச்சு மேடம்" என்றாள். குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நல்ல பெண்தான். அதை ஒத்துக்கொள்ள எனக்கு எட்டு மாசம் ஆகியிருக்கிறது.

ஏப்ரல் 15, திங்கள்

இன்று ரெஜினா என் மேஜைக்கு வந்தாள். ஒரு வாரமாக அவள் வருவாள் வருவாள் என்று இருந்தேன். சண்டை போடட்டும், நாலு பேர் பார்க்கத் திட்டட்டும், மூஞ்சியில் அடித்தமாதிரிக் கேட்கட்டும், எதற்கும் தயாராக இருந்தேன். என்ன கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆற்றிவிடலாம்.

கையில் என் சீட்டு ஒன்று இருந்தது. பச்சைமலையில் எடுத்தது. மலைமேல் ஒரு வீட்டில் தங்கி, காய்ச்சலில் கிடந்த அவளுக்கு நான் கஞ்சி வைத்துக் கொடுத்த தடவை. அந்த வீட்டு அம்மா சொன்ன சொல். ரெஜினா படுத்தபடியே கேட்டு, "மங்கை, எழுதிக்கோடி, எழுதிக்கோடி" என்று கத்தினாள். அவள் சொல்லித்தான் எழுதினேன்.

சீட்டை என் முன்னால் வைத்தாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. சாந்தமாக இருந்தாள்.

"இது நீங்க எங்க எடுத்தீங்க? யார் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ரெஜி, நீதான்டி பக்கத்துல படுத்திருந்தே."

"அது சரிங்க. உங்க சீட்டு எல்லாத்துக்கும் எழுத்துல விவரம் வாங்கணும்னு சார் சொல்லியிருக்கார். ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துடுங்க."

எழுதினேன். ஊர், வருஷம், அந்த அம்மா பேர், உடன் இருந்தவர் ரெஜினா மேரி என்று. அவள் நின்றபடியே முழுக்கப் படித்துப் பார்த்தாள். மடித்துச் சீட்டோடு சேர்த்துக் குத்திக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.